ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய் பெருந்தன்மை!

"சார், உங்க கம்ப்ளெயின்ட்டை எங்க மேனேஜ்மென்ட் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்காங்க சார். ஒரு குட்வில் ஜெஸ்ச்சரா உங்களுக்கு ஆயிரத்து நூத்தி எண்பது ரூபா ரீஃபண்ட் அப்ரூவ் பண்ணியிருக்கோம் சார்!"

போனில் அந்தப் பெண் சொன்னபோது நான் தருமபுரி நாலு ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். லாட்டரியில் பரிசு விழுந்த சேதியைச் சொல்கிற மாதிரி. ஒரு விநாடி எனக்கே 'தேங்க்ஸ்மா' என்று வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, டீ சூடாக இருந்தது. நாக்கு சுட்டதில் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

என்னிடமிருந்து அந்த வங்கி எடுத்தது 8,458 ரூபாய். திருப்பித் தருகிறேன் என்று சொன்னது 1,180 ரூபாய். ஏழில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. இதற்குப் பெயர் குட்வில். தமிழில் பெருந்தன்மை!

கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால், சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கி என் தலையில் ஒரு கிரெடிட் கார்டைக் கட்டியது. 'ஆயுசுக்கும் இலவசம் சார், ஒரு பைசா கிடையாது' என்றார்கள். வாங்கி பீரோவில் வைத்தேன். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய எல்.ஐ.சி. ரசீதுகளோடு அதுவும் பத்திரமாகத் தூங்கியது. நான் அதைத் தேய்க்கவே இல்லை.

2025 ஜனவரியில் அந்த வங்கி, என்னைக் கேட்காமல், அந்த இலவசக் கார்டை இன்னொரு 'பெரிய' கார்டாக மாற்றியிருக்கிறது. விமான நிலையத்தில் சொகுசு அறையாம், கோல்ஃப் மைதானமாம். பாலக்கோட்டில் கோல்ஃப் ஆடுகிறவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள், கார்டை அவர்களுக்கே கொடுத்துவிடலாம். அந்தப் பெரிய கார்டுக்கு வருடச் சந்தா 2,999 ரூபாய். அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக 3,539.

பில் எங்கே போனது? நான் எப்போதோ கைவிட்ட ஒரு பழைய ஈ-மெயில் முகவரிக்கு. நான் கட்டவில்லை. கட்டாததற்கு லேட் ஃபீஸ். லேட் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. சந்தாவுக்கு வட்டி. வட்டிக்கும் ஜி.எஸ்.டி. அடுத்த மாசம் அதெல்லாம் சேர்ந்த தொகைக்கு மறுபடி வட்டி. முதல் இரண்டு மாசம் லேட் ஃபீஸ் 590, 590. பாக்கி ஐயாயிரத்தைத் தாண்டியதும் மாசம் 885. ஜூன் மாசம் 8,458-ல் வந்து நின்றது.

எனக்குத் தெரியவந்தது எப்படி? மகளுக்கு என்ஜினீயரிங் சீட் விஷயமாகக் கல்விக்கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், நீங்க ஒரு கார்டுல டீஃபால்ட் ஆயிருக்கீங்களே" என்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

நியாயம் பேச நேரமில்லை. காலேஜில் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி இருந்தது. 8,458 ரூபாயையும் கட்டிவிட்டு, 'பாக்கி இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கடன் வாங்கினேன். சண்டையை ஜூலையில் ஆரம்பித்தேன். பத்தொன்பதாவது நாள் வந்ததுதான் மேலே சொன்ன போன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? 'வந்தவரைக்கும் லாபம், விடுப்பா' என்று வாங்கிக்கொள்வீர்களா இல்லையா? பொய் சொல்லாமல் சொல்லுங்கள்! பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்வீர்கள். வங்கிக்கும் அது தெரியும். அந்த 1,180 ரூபாய் கணக்குப் போட்டு வந்த தொகை இல்லை. உங்கள் அலுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் விலை அது.

எங்கள் ஊருக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கைக்கு வந்தபோது, தான் சாப்பிடாமல் ஔவையாருக்குக் கொடுத்தானே, அது பெருந்தன்மை. ஔவையார் மடியில் இருந்த நெல்லிக்காயில் ஏழை உருவிக்கொண்டு, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, 'கிழவி, எனக்கு நன்றி சொல்லு' என்று கேட்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

நான் பி.காம். படித்தவன். பெரிய படிப்பொன்றும் இல்லை. ஆனால் குட்வில் என்றால் என்ன என்று பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸில் ஒரு அத்தியாயமே உண்டு. ஒரு கடைக்கு இருக்கும் நல்ல பெயருக்கு ரூபாயில் போடும் மதிப்பு அது. அந்தப் பெயர் அந்தக் கடையின் சொத்து. என் பணத்தை என் கணக்கில் திருப்பி வைப்பதற்குக் கணக்கியலில் குட்வில் என்று பெயர் கிடையாது. 'தவறு திருத்தும் பதிவு' என்று பெயர். இரண்டாம் வருஷப் பையன் இதை மாற்றி எழுதினால் வாத்தியார் சைபர் போடுவார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சூட்சுமமே பெயரில்தான். 'தவறாகப் பிடித்தோம், திருப்பித் தருகிறோம்' என்று எழுதினால் முழுசையும் தர வேண்டும். வட்டியையும் தர வேண்டும். சிபிலில் விழுந்த கரும்புள்ளியையும் துடைக்க வேண்டும். 'பெருந்தன்மையாகத் தருகிறோம்' என்று எழுதிவிட்டால் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எவ்வளவு கொடுத்தாலும் அது தர்மக்கணக்கு. பிச்சை போடுகிறவரிடம் 'இன்னும் ஐந்து ரூபாய் குறையுதே' என்று யாராவது சண்டை போடுவார்களா?

போன் முடிந்த பத்தாவது நிமிஷம் ஒரு மெயிலும் வந்தது. அதில் கடைசி வரி: இதை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்வதாகப் பதில் அனுப்பினால் மூன்று நாளில் பணம் வரவு வைக்கப்படும். பார்த்தீர்களா? ஆயிரத்து நூற்று எண்பதைக் கொடுத்து ஏழாயிரத்து இருநூற்று எழுபத்தெட்டுக்கு என் கையெழுத்தை வாங்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிலை மட்டும் அனுப்பாதீர்கள். 1999-ல் ஓர் இன்ஷூரன்ஸ் வழக்கில், ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கப்பட்ட 'முழுசும் வந்துவிட்டது' ரசீது நுகர்வோரின் உரிமையைப் பறித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதுதான். ஆனால் நெருக்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அந்தத் தலைவலி எதற்கு? கையெழுத்தே போடாமல் இருந்தால் நிரூபிக்க ஒன்றுமே இல்லையே.

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் போக வேண்டும். வியாபாரி எடுத்த எடுப்பில் அடிமாட்டு விலை சொல்வார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, முதலில் எவ்வளவு குறைத்துச் சொல்கிறாரோ அதைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும் என்று அவருக்குத் தெரியும். விவசாயிக்கும் தெரியும். பெட்டியை எடுத்து வண்டியில் திருப்பி வைக்கிற மாதிரி ஒரு பாவனை காட்டுவார். உடனே விலை ஏறும். தக்காளி அழுகும் சரக்கு, மதியத்துக்குள் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவரே இவ்வளவு தெம்பாகப் பேரம் பேசுகிறார். நம்முடைய பணம் அழுகிற சரக்குகூட இல்லை. இரண்டு டிகிரி வாங்கிய நாம் 'சரிங்க மேடம், பார்த்துச் செய்யுங்க' என்கிறோம்.

வெட்கம். நான் பார்த்தவரை காரணம் அதுதான். ஆயிரம் ரெண்டாயிரத்துக்காக ஒரு படித்த மனுஷன் மல்லுக்கட்டுவதா என்கிற வெட்கம். என் மனைவியே கேட்டாள், "இதுக்குப் போய் தினமும் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கீங்களே..." என்று. கொத்தமல்லிக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறவள் அவள்! தெருவில் கூடை சுமக்கிற அம்மாவிடம் வராத வெட்கம், ஏ.சி. அறையில் இருப்பவனிடம் ஏன் வருகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. ராத்திரி சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம்.

இனி சட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்காவிட்டால் சண்டை தோற்றுவிடும்.

கார்டு வட்டி மாசம் மூன்றரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 42. வட்டிக்கு வட்டி போட்டால் 51-ஐத் தொடும். இதோடு வட்டி மேல் ஜி.எஸ்.டி. வேறு. நம் ஊர் மார்க்கெட்டில் தண்டல்காரர் முகத்துக்கு நேராக, 'இவ்வளவு பிடிச்சிக்கிட்டுத்தான் தருவேன்' என்று சொல்லிவிடுகிறார். அவரைக் கட்டுப்படுத்த 2003-ல் தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. வங்கி விஷயம் வேறு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் நுழைத்த 21-ஏ என்ற பிரிவு, வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்கிறது.

இருந்தாலும் ஒருமுறை துணிந்து பார்த்தார்கள். 'ஆவாஸ்' என்ற அமைப்பு போட்ட வழக்கில், 2008 ஜூலை 7 அன்று தேசிய நுகர்வோர் ஆணையம், கெடு தவறிய கார்டுக்காரர்களிடம் வருடத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. நாடே கை தட்டியது. சிட்டி பாங்க், ஹெச்.எஸ்.பி.சி., அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு எல்லோரும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, இரண்டு பேர் சம்மதித்துப் போட்ட ஒப்பந்தத்தை ஆணையம் திருத்தி எழுத முடியாது, கார்டு வாங்குகிறவர்களுக்கு நிபந்தனைகள் எல்லாம் தெரிவிக்கப்பட்டிருக்கின்றன என்பது சாரம்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம்தான். எறும்பு சைஸ் எழுத்தில் அச்சடித்து நீட்டுவதற்குப் பெயர் 'தெரிவிப்பது' என்றால், தெரு விளக்கில்லாத ரோட்டில் பள்ளம் தோண்டிவிட்டு 'கண்ணிருந்தால் பார்த்துப் போ' என்று சொல்வதற்கும் அதே பெயர்தான். ஆனால் அந்தத் தீர்ப்பையே கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். நீ சம்மதித்தாய், அதனால் கட்டு என்கிறது சட்டம். நல்லது. அப்படியானால் நான் சம்மதிக்காத இடத்தில்? ஒப்பந்தம் புனிதம் என்றால் ரெண்டு பக்கமும் புனிதம்தானே?

ஆகவே, வட்டி அநியாயம் என்று கத்தாதீர்கள். அந்தக் கதவு இப்போதைக்குச் சாத்தியிருக்கிறது. 'நான் எப்போது சம்மதித்தேன், காட்டு' என்று கேளுங்கள். அங்கேதான் வங்கிக்கு வேர்க்கும்.

எனக்கு என்ன பதில் வந்தது தெரியுமா? 'கார்டு மாற்றம் குறித்துத் தங்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். தாங்கள் மறுப்புத் தெரிவிக்கவில்லை. எனவே சம்மதமாகக் கருதப்பட்டது.' மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் வீட்டில் ஒரு காலத்தில் செல்லுபடியானது. இப்போது அங்கேயே செல்லாது! ரிசர்வ் வங்கியிலும் செல்லாது. 2022 ஏப்ரல் 21 தேதியிட்டு ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அந்த வருடம் ஜூலையிலிருந்து அமல். கேட்காமல் கார்டு கொடுப்பதும் கேட்காமல் கார்டை உயர்த்துவதும் கூடவே கூடாது. சம்மதம் வெளிப்படையாக இருக்க வேண்டும், ஊகித்துக்கொள்ளக் கூடாது. அப்படிக் கேட்காமல் உயர்த்தி, அதற்குப் பில்லும் போட்டால், பிடித்த கட்டணத்தை உடனே திருப்ப வேண்டும். அதோடு, அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கை அபராதமாக, மறுபேச்சுப் பேசாமல், வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தடவை படியுங்கள். இரண்டு மடங்கு. மறுபேச்சுப் பேசாமல்.

அதே உத்தரவில், கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது என்றும் இருக்கிறது. அது 2022 அக்டோபரிலிருந்து அமல். நான் அந்தக் கார்டில் ஒரு குண்டூசிகூட வாங்கவில்லை. என் பாக்கி மொத்தமும் சந்தா, லேட் ஃபீஸ், வரி. அதற்கு வட்டி என்று 1,084 ரூபாய் போட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கில்?

ஆக, என் கணக்கு இது: பிடித்தது 8,458. இரண்டு மடங்கு 16,916. மொத்தம் 25,374 ரூபாய். அவர்கள் கணக்கு 1,180. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அந்தப் பெண்ணின் சந்தோஷக் குரலால் மூடப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. மாசச் சம்பளத்துக்கு ஒரு காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறது அந்தப் பிள்ளை. நாளைக்கு என் மகளும் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

இந்தத் 'துளி கொடுத்துச் சமாளி' வித்தை நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் 2006 ஏப்ரலில், கார்டு லேட் ஃபீஸ் 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கருதித் தலையிடுவோம் என்று அங்கிருந்த நியாய வணிக அலுவலகம் அறிவித்தது. அதுவரை வங்கிகள் 20, 25 பவுண்டு என்று வசூலித்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் பழைய பில்களைத் தூக்கிக்கொண்டு பணம் கேட்கக் கிளம்பினார்கள். பல வங்கிகள் என்ன செய்தன? வாங்கிய 20-க்கும் இந்த 12-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நீட்டின. பன்னிரண்டு நியாயமான தொகை என்று அந்த அலுவலகம் சொல்லவே இல்லை, அதற்கு மேல் போனால் கேள்வி கேட்போம் என்றுதான் சொன்னது. விவரம் தெரிந்தவர்கள் வித்தியாசத்தை வாங்க மறுத்து முழுசையும் கேட்டார்கள்.

அங்கேயும் எல்லாம் ஜெயமில்லை. வங்கிக் கணக்கின் ஓவர்டிராஃப்ட் கட்டண வழக்கில் 2009 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் நின்றது. ஆனால் கார்டோடும் கடனோடும் ஒட்டி, கேட்காதவர்கள் தலையிலும் கட்டிய 'கடன் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ்' விவகாரத்தில் வங்கிகள் தோற்றன. புகார் கொடுக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று கெடு வைக்கிற அளவுக்குக் கூட்டம். கடைசியில் சுமார் 3,800 கோடி பவுண்டு திருப்பிக் கொடுத்தார்கள். மனு எழுதியவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்ற மாசச் சம்பளக்காரர்கள்தான்.

இங்கேயும் உதாரணம் இருக்கிறது. காலாவதியாகிப்போன, பயன்படுத்தாத ஒரு கார்டுக்குப் பில் அனுப்பிக்கொண்டே இருந்து, கடன் பட்டியலில் கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்ததற்காக, டெல்லியில் ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகையாளருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி எஸ்.பி.ஐ. கார்ட்ஸ் நிறுவனத்துக்கு 2023-ல் அங்கிருந்த நுகர்வோர் ஆணையம் உத்தரவு போட்டது. பில் தொகை சில ஆயிரம்தான்!

ஒரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் நண்பர் ஒருவர், காரிமங்கலத்துக்காரர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தன் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய டி.வி. வாங்கியிருக்கிறார். மாசாமாசம் 'மினிமம் டியூ' மட்டும் கட்டியிருக்கிறார். இரண்டு வருஷமாகியும் அசல் பெரிதாகக் குறையவில்லை. "இதையும் எழுதிக் கிழிச்சிடலாமா?" என்றார். முடியாதுங்க. டி.வி. வீட்டில் ஓடுகிறது. வட்டி எவ்வளவு என்று பில்லிலேயே இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது. அவர் செய்ய வேண்டியது, நகையை வைத்தாவது அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி இதை அடைப்பது. அவருக்கு என் மேல் வருத்தம். என்ன செய்ய? வங்கியிடம் நியாயம் கேட்கப் போகிறவன் கையில் நியாயம் இருக்க வேண்டாமா?

சரி, எப்படிக் கேட்பது? போனில் கேட்காதீர்கள். போனில் பேசியது காற்றோடு போய்விடும், 'ரெக்கார்டு செய்யப்படுகிறது' என்று அவர்கள் சொல்வது அவர்களுக்காக. எழுத்தில் கேளுங்கள். மெயிலோ, பதிவுத் தபாலோ. எந்தத் தேதியில், எந்த வழியில், என் சம்மதம் வாங்கினீர்கள், அதன் நகல் எங்கே என்று ஒரே கேள்வி. பில் தகராறு என்றால் புகார் வந்த 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆதாரமும் தர வேண்டும் என்று அதே 2022 உத்தரவில் இருக்கிறது. தொகையை நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள். சந்தா இவ்வளவு, லேட் ஃபீஸ் இவ்வளவு, வட்டி இவ்வளவு, வரி இவ்வளவு என்று வரிவரியாக. 'பார்த்துச் செய்யுங்கள்' என்று எழுதினால் பார்ப்பார்கள், செய்ய மாட்டார்கள்.

கார்டை மூடச் சொல்லியும் எழுதிவிடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. சிபில் பதிவைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு மனு. 2024 ஏப்ரல் 26 முதல் அமலான விதிப்படி, அந்தப் புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய். இதெல்லாம் நம்மைப் பணக்காரர் ஆக்கிவிடாது. ஆனால் தாமதம் அவர்களுக்குச் செலவாக ஆரம்பித்தால் கோப்பு தானாக நகரும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் என் 1,180 மாதிரி இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பர் 12-ல் மூன்று தனித்தனித் திட்டங்களை ஒன்றாக்கி, நாடு முழுக்க ஒரே இடத்தில் புகார் வாங்க ஆரம்பித்தார்கள். ஃபீஸ் கிடையாது. வக்கீல் வேண்டாம். அங்கேயும் சரிப்படவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பழைய 1986 சட்டத்தில், எதிராளிக்கு அலுவலகமோ கிளையோ இருக்கிற ஊரில், அல்லது பிரச்னை நடந்த ஊரில் வழக்குப் போட வேண்டும். மும்பையில் இருக்கிற கார்டு கம்பெனி மேல் அரூர்க்காரர் எங்கே போய்ப் போடுவார்? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறது. தருமபுரியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. அரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, வழக்குப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். மும்பைக்காரர்தான் வக்கீல் வைத்து இங்கே வர வேண்டும். நாம் போனால் போகிறது என்று விட்டுக்கொடுக்கிற இந்த வசதியைச் சட்டத்தில் கொண்டுவர எத்தனை பேர் எத்தனை வருஷம் கத்தியிருப்பார்கள்!

என் கதை எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். 1,180-ஐ மறுத்து எழுதினேன். ஒரு வாரம் மௌனம். (நானும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்!) பிறகு 'சிறப்பு அனுமதி பெற்று' 3,539 தருகிறோம் என்றார்கள். அதாவது சந்தா தப்பு, ஆனால் அந்தத் தப்பான சந்தாவைக் கட்டாததற்குப் போட்ட லேட் ஃபீஸ் மட்டும் சரியாம். அதையும் மறுத்தேன். முப்பதாவது நாள் முடிந்தது. மறுநாள் காலை குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பினேன். மூன்றாவது வாரம், யாரும் போன் பண்ணாமல், யாரும் பெருந்தன்மை என்று சொல்லாமல், என் கணக்கில் 8,458 ரூபாய் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடி போன். இந்த முறை ஓர் ஆண் குரல், கொஞ்சம் பெரிய பதவி போலிருக்கிறது.

"சார், ஃபுல் அமவுன்ட் கிரெடிட் ஆயிடுச்சு. கம்ப்ளெயின்ட்டை வித்ட்ரா பண்ணிட்டு ஒரு மெயில் போட்டுடுறீங்களா?"

"எட்டாயிரத்து நானூத்தி அம்பத்தெட்டு வந்துடுச்சுங்க. பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு இன்னும் வரலை."

"அது என்ன சார் அமவுன்ட்?"

"உங்க ரிசர்வ் வங்கி உத்தரவுல இருக்குங்க. படிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க."

"சார்... ஏதோ பார்த்து முடிச்சிக்கலாமே சார். நீங்க எவ்வளவு எக்ஸ்பெக்ட் பண்றீங்க?"

முதல் தடவையாக என்னிடம் விலை கேட்கிறார்கள். அதை எழுத்தில் கேட்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை. மெயிலுக்குக் காத்திருக்கிறேன்.